மூன்று மூன்று பேராக

இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், தம்பி. கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். பட்டறையில் டீ குடிக்கிற நேரத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்களிடம் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையை நானே முழுசாக நம்பியதில்லை. பல வருஷமாகச் சந்தேகம். வாய் சொல்லிக்கொண்டே போகும், உள்ளே ஒன்று இல்லை இல்லை என்று முனகிக்கொண்டே வரும். அப்படி ஒரு கதை.

இப்போது சோதனைக்கு ரத்தம் கொடுக்க உள்ளே போனாரே, நீலச் சட்டை போட்டவர், அவர் என் தங்கை வீட்டுக்காரர். பெயர் சென்னியப்பன். கரூரில் தறி ஓட்டுகிறார். நானும் கரூர்தான், பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் மேஸ்திரி. அவரைப் பார்த்தால் நோயாளி மாதிரி தெரிகிறதா? தெரியாது. ரத்தப் புற்று. இரண்டு தடவை அடங்கி இரண்டு தடவையும் திரும்பி வந்தது. இனிமேல் கொடுக்க மருந்து இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த ஆள்தான் இப்போது நடந்து போனது.

உங்கள் மடியில் அந்தக் காகிதக் கட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்கும் அதே மாதிரிதான் கொடுத்தார்கள். புது மருந்து, மனுஷருக்கு இப்போதுதான் முதல் முதலாகக் கொடுக்கிறோம், சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள் என்று. வீட்டுக்காரம்மாவுக்கா? அந்த நாற்காலியில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களா? சின்ன வயசு. பாவம்.

சென்னியப்பனைக் கேட்டால் இரண்டே வார்த்தைதான் சொல்வார். "மருந்து தண்ணி மாதிரி இறங்குச்சுங்க. ஒருக்கா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான்." முடிந்தது. அதற்குக் கை கால் வைத்து, மூக்கு முழி வைத்துச் சொல்வது நான். அவருக்குப் பேச்சு வராது. எனக்கு முதல் வார்த்தையில் சந்தேகம் இல்லை. அந்த இரண்டாவது இருக்கிறதே, வழுக்கி விழுந்தேன் என்பது, அங்கேதான் முள் மாதிரி ஒன்று நிற்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த மருந்து ஒரு மாத்திரை. வெள்ளையும் சாம்பலுமாக, கூடு போட்டது. அதைக் கொடுக்கிற முறைதான் எனக்குப் புதுசாக இருந்தது. மூன்று மூன்று பேராகக் கொடுப்பார்கள். முதல் மூன்று பேருக்குக் கொஞ்சம். அவர்களுக்குப் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை என்றால், அடுத்த மூன்று பேருக்கு அதைவிடக் கூட. அவர்களும் தாங்கினால் அதற்கடுத்த மூன்று பேருக்கு இன்னும் கூட. யாராவது தாங்காமல் போகிறவரைக்கும் ஏற்றிக்கொண்டே போவார்கள். யாமினி என்று ஒரு டாக்டரம்மா, மூக்குக் கண்ணாடி போட்டவர், பொறுமையாகச் சொன்னார்.

"அண்ணா, இது வைத்தியம்னு நினைச்சு வராதீங்க. எவ்வளவு கொடுத்தா உடம்பு தாங்கும்னு பார்க்கிறதுதான் இந்தக் கட்டம். நோய் அடங்கலாம், அடங்காமலும் போகலாம்."

எந்த டாக்டர் தன் மருந்து கேட்கும் என்று அடித்துச் சொல்வார்? தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு," என்றார். "மயக்கம், படபடப்பு, கண்ணை இருட்டுறது, எதுவா இருந்தாலும் சின்னதுன்னு விட்டுடாம எங்ககிட்ட சொல்லணும். இவர் சொல்றதை வெச்சுத்தான் அடுத்த மூணு பேருக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு முடிவு பண்ணுவோம்."

"சொல்லிருவாருங்க," என்றேன் நான்.

சென்னியப்பன் இரண்டாவது மூவரில் ஒருவர். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் கூட. பின்னால் வருகிறவனுக்குத்தானே அதிகமாகக் கொடுப்பார்கள், கொஞ்சம் தாமதித்து வந்திருக்கலாமோ என்று நினைத்தேன். பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவனுக்குக் கூடுதலாகப் பரிமாறுவது போல எனக்குப் பட்டது.

முதல் மூவரில் சேலத்துக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் மறந்துவிட்டது. ஓயாமல் குறை. வயிற்றைப் புரட்டுகிறது, நாக்கு செத்துவிட்டது, தூக்கம் இல்லை. டாக்டரம்மா வந்தால் பிடித்து உட்கார வைத்துச் சொல்வார். ஒருநாள் அவருக்கு மருந்தை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாசமே போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். நோய் அடங்கவில்லை, அதனால் நிறுத்தினோம் என்று டாக்டரம்மா சொன்னார். சொல்வார்கள். எனக்குத் தெரியாதா? அந்த மனிதர் வாயால் கெட்டார்.

அவரை ஊருக்கு அனுப்பிய அன்றைக்கே சென்னியப்பனிடம் சொன்னேன். "பாத்தீங்களா மாப்பிள்ளை? அவுங்க கேக்கறது பரிச்சை மாதிரி. தொந்தரவு இருக்குதான்னு கேப்பாங்க. இருக்குதுன்னா வெளியே. நீங்க கம்முனு இருங்க, நான் பாத்துக்கறேன்."

"சரிங்க மச்சான்," என்றார்.

நல்லதுக்குத்தானே சொன்னேன்? கூட வந்தவன் எதற்கு இருக்கிறான்? என் தங்கை என்னை நம்பித்தானே அவரை அனுப்பினாள். என்னைக் கேட்டால்…

என்ன சிஸ்டர்? இல்லைங்க, இவங்க ரெண்டு பேருமே இன்னும் சாப்பிடலை. ஆமாங்க, வெறும் வயிறுதான். நீங்க போங்க, கூப்பிடும்போது நான் அனுப்பி வைக்கிறேன்.

என்ன தம்பி, சாப்பிட்டுவிட்டீர்களா? அந்த அம்மாவுமா? இட்லியா? அப்படியா. முகத்தைப் பார்த்தால் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை, அதனால் சொன்னேன். போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். நான் உங்கள் பையைப் பார்த்துக்கொள்கிறேன்.

சொல்லியாயிற்றா? நல்லது. எங்கே விட்டேன்?

தங்கியிருந்த இடம். ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு மாடி வீடு. வரிசையாக அறைகள், நோயாளியும் கூட வந்தவரும் ஓர் அறையில். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையல் இடம், ஒரு பாத்ரூம். அங்கேதான் ததேயு வந்து சேர்ந்தான். தூத்துக்குடிப் பக்கம், விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். அவனுக்கும் இதே நோய்தான், மருந்துக்கு முறை வரக் காத்திருந்தான். கூட அவன் பெண்டாட்டி ஜெனோவா. இரண்டு பேரும் சேர்ந்தால் அந்த இடம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதே மறந்துவிடும். மீன் குழம்பு கொதிக்கும், ததேயு வாயும் கொதிக்கும்.

ஒருநாள் எல்லோரும் சமையல் இடத்தில் நிற்கிறோம். ததேயு கேட்டான். "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். உங்க மாப்பிள்ளைக்கு நோயி ரத்தத்துலயா, நாக்குலயா?"

"ஏன் தம்பி அப்படிக் கேக்கறே?"

"இல்ல, வந்த நாளா அவரு பேசி நான் கேக்கலை. டீ குடிக்கியளான்னு அவருட்ட கேட்டா, குடிப்பாருன்னு நீங்க சொல்லுதிய. சீனி போடட்டுமான்னு கேட்டா, அரைச் சீனின்னு நீங்க சொல்லுதிய."

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார்.

"சிரிக்கது மட்டும் அவரே சிரிக்காரு, பாத்தியளா!" என்றான் ததேயு.

"சும்மா கெடங்க," என்று ஜெனோவா கரண்டியால் அவன் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

நானும் சிரித்தேன். நல்ல பையன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுவான்.

மருந்து ஆரம்பித்துச் சில நாள் ஆகியிருக்கும். அன்று காலையில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் கெட்டுவிட்டது. கீழே ததேயு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். நோயோடு இருக்கிறவன் இதெல்லாம் செய்யலாமா என்று ஜெனோவா மேலேயிருந்து கத்திக்கொண்டிருந்தாள். அப்போது பாத்ரூமில் தொப்பென்று ஒரு சத்தம். நான் ஓடினேன். கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை, நல்லவேளை. சென்னியப்பன் சுவரோடு சாய்ந்து கிடந்தார். நெற்றியில் புடைப்பு. உதடு வெளுத்துப் போயிருந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கிற கண்ணாக இல்லை. கொஞ்சம் கழித்துத்தான் என்னைப் பார்த்தது.

"வழுக்கிருச்சுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்," என்றார்.

சொன்னாரா இல்லையா? அவரே சொன்னார். வழுக்கிவிட்டது என்று அவர் வாயால் சொன்னதுதான். நானாகக் கட்டியது கிடையாது.

அவரைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தேன். ததேயு கையெல்லாம் கிரீஸோடு மேலே வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாத்ரூமை எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, கடல்ல வழுக்கி விழுந்தவனைப் பாத்திருக்கேன், எண்ணெயில வழுக்குனவனைப் பாத்திருக்கேன். தண்ணி வராத பாத்ரூம்ல வழுக்குன ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்."

அதற்கும் சிரித்தோம். எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

அன்று டாக்டரம்மா புடைப்பைப் பார்த்துவிட்டார். "என்னாச்சு சென்னியப்பன்?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டாருங்க," என்றேன்.

"அவரே சொல்லட்டும்ணா." அவர் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "விழறதுக்கு முன்னாடி மயக்கமா வந்துச்சா? நெஞ்சு படபடன்னு அடிச்சுதா? பயப்படாம சொல்லுங்க."

சென்னியப்பன் வாயைத் திறந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"மச்சான் சொன்னதுதாங்க," என்றார்.

நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டி ஒரு படம் எடுத்தார்கள். சரியாகத்தான் இருந்தது. எடுக்கிற நேரத்தில் எல்லாம் சரியாகத்தானே இருக்கும். பஸ்ஸில் ஒரு சத்தம் வருகிறது என்று வண்டியைக் கொண்டு வருவார்கள். பட்டறைக்குள் வந்ததும் சத்தம் நின்றுவிடும். அந்த மாதிரி.

அதற்குப் பிறகு நல்ல சேதி வர ஆரம்பித்தது. ரத்தத்தில் கெட்ட அணுக்கள் குறைகின்றன என்றார்கள். நான் என் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவள் அழுதாள். சென்னியப்பனோடு சேர்த்து அந்த மூன்று பேரும் தாங்கிவிட்டார்கள். அதனால் அடுத்த மூன்று பேருக்கு அளவைக் கூட்டினார்கள். அதில் ததேயுவுக்கு இடம் கிடைத்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முந்தின சாயங்காலம் மாடிப்படியில் என்னைப் பிடித்தான். அப்போது அவனிடம் கேலி கிண்டல் ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சி, நெசத்தைச் சொல்லுங்க. மருந்து எப்படி?"

"தண்ணி மாதிரி தம்பி. ஒண்ணும் தெரியாது. உனக்குக் கூடவே குடுக்கறாங்க, உனக்கு அதிர்ஷ்டம்."

"உங்க மாப்பிள்ளைட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்."

"தூங்கறாரு."

"ஒரே வார்த்தைதான் அண்ணாச்சி. எழுப்ப மாட்டேன், முழிச்சிருந்தா கேப்பேன்."

"நோயாளி உடம்பு, ஓய்வு வேணும். நான்தான் சொல்றேனே, அவர் சொன்னா என்ன, நான் சொன்னா என்ன?"

ததேயு கதவுப் பக்கம் பார்த்தான். கதவு பாதி திறந்திருந்தது. சென்னியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கினாரா முழித்திருந்தாரா, நான் போய்ப் பார்க்கவில்லை. ததேயு தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான்.

அவன் மருந்தைத் தொடங்கிய அந்த வாரமே அது நடந்தது. நல்ல மத்தியானம். சமையல் இடத்தில் ஜெனோவா பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். என்னவோ சொல்லி அவளைச் சீண்டிக்கொண்டிருந்தான். பேச்சு பாதியில் நின்றது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். ஜெனோவா சிரித்தாள். ஆமாம் தம்பி, சிரித்தாள். நடிக்கிறான் என்று நினைத்தாள், அவன் அப்படிச் செய்கிற ஆள்தான். "எந்திரிங்க, போதும்," என்று காலால் இடித்தாள். இரண்டாவது தடவை இடித்த பிறகுதான் அவளுக்குக் குரல் மாறியது.

பின் தெருதானே, நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிரயோசனம் இல்லை. இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிட்டது என்றார்கள்.

அடுத்த நாள், அதற்கு முன்பு மருந்து சாப்பிட்ட எல்லோரையும் டாக்டரம்மா கூப்பிட்டு உட்கார வைத்தார். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. அழுதிருக்கிறார்.

"யார் மேலயும் தப்பு சொல்றதுக்காகக் கேக்கலை. மருந்து இதயத்தைத் தொடுதான்னு தெரிஞ்சாகணும். உங்கள்ல யாருக்காவது, ஒரு தடவையாவது, மயக்கமோ படபடப்போ வந்துச்சா? இப்ப சொன்னாலும் போதும்."

நான் எழுந்து நின்றேன். "எங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்க," என்றேன். அப்போது சென்னியப்பன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். பாவம், பயந்துபோய்விட்டார் போலிருக்கிறது. கையைத் தட்டிக் கொடுத்து உட்கார்ந்தேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? நோய் அடங்கிக்கொண்டிருக்கிற நேரம். அந்த நேரத்தில் மருந்தை நிறுத்திவிட்டால்?

நிறுத்தவில்லை. பெரிய அளவை மட்டும் நிறுத்தினார்கள். சென்னியப்பனுக்குப் பழைய அளவே போயிற்று, நோய் நன்றாக அடங்கியது, அவர் தம்பியிடமிருந்து எலும்பு மஜ்ஜை எடுத்து ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். ஊரே வந்து பார்த்தது. நான் கதை சொல்ல ஆரம்பித்தேன்.

ஜெனோவா வருஷா வருஷம் ததேயு செத்த நாளில் எனக்குப் போன் செய்வாள். மாதா கோயிலில் பூசை வைத்துவிட்டு அங்கிருந்தே கூப்பிடுவாள். "அண்ணாச்சி, மாப்பிள்ளை சுகமா இருக்காரா? அவுகளுக்குக் குடுத்து வைக்கலை, உங்காளாவது பிழைச்சாரே." அவ்வளவுதான் பேசுவாள். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு எனக்கு அன்றைக்குப் பட்டறையில் கை ஓடாது. சென்னியப்பன் மேல் ஒரு சந்தேகம் வரும். இந்த மனிதர் என்னிடம் எதையோ மறைத்திருக்கிறாரோ? இவர் வாயைத் திறக்காததால்தான் அந்தப் பையன் போனானோ? கேட்க வேண்டும் என்று நினைப்பேன். அடுத்த வாரம் நினைக்க மாட்டேன்.

இந்த வருஷமும் கூப்பிட்டாள். சுகம் கேட்டாள். போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா மனசுல கெடக்கு. உங்க மாப்பிள்ளை பாத்ரூம்ல விழுந்தாரே, அவருக்கும் நெஞ்சு அடைச்ச மாதிரி வந்துச்சோ?"

"அவர்கிட்டக் கேட்டு நான் சொல்றேன்மா."

அந்தப் பக்கம் கோயில் மணி அடித்தது.

"நீங்க சொல்ல வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். "அவரைப் பேசச் சொல்லுங்க."

அதற்கு என்ன அர்த்தம் சொல்லுங்கள். நான் சொன்னால் என்ன? என் மேல் அவளுக்கு என்ன கோபம்? அவன் சவப்பெட்டியைத் தூக்கிவிட்டவன் நான், அவளை ஊருக்கு வண்டி ஏற்றிவிட்டவன் நான். தூக்கமில்லாமல் யோசித்துப் பார்த்தேன். புரியவில்லை.

இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் வரும்போது கேட்டேவிட்டேன். திண்டிவனம் தாண்டியிருக்கும். அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில். "மாப்பிள்ளை, நெசத்தைச் சொல்லுங்க. அன்னிக்கு வழுக்கித்தான் விழுந்தீங்களா?"

உடனே சொல்லிவிட்டார், தம்பி. கேட்பதற்காகவே இத்தனை வருஷம் காத்துக்கொண்டிருந்தவர் மாதிரி. "இல்லீங்க மச்சான். நெஞ்சுக்குள்ள கோழி றெக்கை அடிக்கற மாதிரி அடிச்சுதுங்க. அப்புறம் இருட்டிருச்சு. அதுக்கு முன்னாடியும் ரெண்டொரு தடவை வந்துச்சுங்க."

"ததேயு கேக்க வந்தன்னிக்கு?"

"முழிச்சுட்டுத்தாங்க இருந்தேன்."

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை இவர் சொல்லியிருந்தால் அந்த மூன்று பேருக்கு அளவைக் கூட்டியிருக்க மாட்டார்கள். ததேயு இன்றைக்கு எங்கேயாவது எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பெண்டாட்டியைக் கிண்டல் செய்துகொண்டிருப்பான். எவ்வளவு பெரிய பாவத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் இந்த மனிதர்! எனக்கு அப்படி ஒரு கோபம். ஆனால் ஏனோ அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அந்த டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உங்க மூஞ்சியைப் பாத்துத்தானே கேட்டாங்க? அப்பவாவது நீங்க ஏன் வாயைத் திறக்கலை?"